பக்கத்துத் திரை

மணவறைக்கு முன்னால் நிற்கும் படக்காரர்கள் ஒருவர் திரையை மற்றவர் பார்ப்பதில்லை. எங்கும் எழுதி வைக்கப்படாத விதி அது. பெண் வீட்டார் ஒருவரையும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரையும் அமர்த்திக்கொள்ளும் திருமணங்களில், இருவரும் தோள் உரச, ஒரே ஓமப்புகையில் கண் எரிய நிற்பார்கள். ஒரே தட்டிலிருந்து வடை எடுத்துத் தின்பார்கள். பேட்டரி தீர்ந்தால் கேட்காமலே நீட்டுவார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கேமராவின் முதுகைத் திருப்பித் தான் எடுத்ததைச் சரிபார்க்கும் கணத்தில் மட்டும், மற்றவருடைய பார்வை மாவிலைத் தோரணத்துக்கோ தன் வெறும் பாதங்களுக்கோ போய்விடும். ஒருவர் கண்டெடுத்த கோணம் அவருடையது. அவர் தவறவிட்ட கணமும் அவருடையதே.

வைதேகிக்கு இந்த விதி பல ஆண்டுகள் வெறும் மரியாதையாக இருந்தது. அண்மைக் காலமாக அது மறைவிடமாகவும் ஆகியிருந்தது.

அவளுடைய விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. பரம்பரையாக வருவது, மெதுவாக வளர்வது, மருந்து இல்லாதது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓரங்கள் எஞ்சியிருந்தன. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் அவள் வீட்டு நடைபாதையும் அண்டை வீட்டுத் துணிக்கம்புகளும் பக்கவாட்டில் தெரியும்; நேராக நோக்கினால் நோக்கிய இடம் மட்டும் கரைந்துபோகும். ஒன்றைக் காண வேண்டுமானால் அதற்குச் சற்று அப்பால் பார்க்கப் பழகுங்கள் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தார்கள். எதைப் பார்க்க ஆசைப்படுகிறாளோ அதிலிருந்து கண்ணை விலக்கினால்தான் அது அவளிடம் வரும்.

"அப்ப எல்லாரையும் கடைக்கண்ணாலதான் பாப்பியா?" என்றாள் தங்கை நிரஞ்சனா, அந்தச் செய்தியைக் கேட்ட நாளில். "அத்தான் பாவம். ஊர்ல யார் யாரு என்னென்ன நெனச்சுக்கப் போறாங்களோ." சொல்லிவிட்டு அவளே முதலில் அழுதாள்.

வைதேகி இழந்தவற்றுள் மிகப் பெரியது முகங்கள். ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவர்களின் காதும் தலைமுடியும் தோள்பையும் இருந்தன. நடுவில் ஈரக் கண்ணாடியில் படிந்த ஆவி போல ஒன்று இருந்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கும் முகங்களை அவள் குரலால் அறிந்துகொண்டாள். ஏங்கியது அவற்றுக்காக அல்ல. வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும் முகம், தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்றறியாத முகம், அதற்காகத்தான்.

தாலி ஏறிய பின் மணப்பெண் தலை நிமிர்த்தும் ஒரு கணம் உண்டு. அதுவரை குனிந்தே இருந்தவள், அட்சதை தலையில் விழுந்துகொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் யாரையோ தேடுவாள். அம்மாவை, தோழியை, சில நேரம் வராமல் போன ஒருவரை. தாலி கட்டுவதை எடுத்து முடித்ததும் படக்காரர்கள் மூச்சு விடுவார்கள். வைதேகி அப்போதுதான் மூச்சைப் பிடிப்பாள். அவளைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு படத்தைப் பிறர் வீட்டுச் சுவரில் கண்டுவிட்டு வந்தவர்கள்.

ஆவணியில் ஒரு திருமணம் எடுத்தாள். படங்களைத் தேர்ந்தெடுக்க வீட்டுத் தொலைக்காட்சியில் பெரிதாகப் போட்டுப் பார்ப்பது வழக்கம். நிரஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மாலை சூப்பரா வந்திருக்குக்கா."

"மாலையா?"

"ம். ஒவ்வொரு பூவும் தெரியுது."

"பொண்ணு?"

நிரஞ்சனா ரிமோட்டைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அந்தக் குடும்பம் சண்டைக்கு வரவில்லை. ஆல்பத்துக்கு வீடியோவிலிருந்தே படங்களை எடுத்துக்கொள்வதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். கூடவே கைகூப்பும் படம் ஒன்று. வசை வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

தையில் இன்னொரு திருமணம் ஒப்புக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணின் பெயர் வைஷாலி. அந்தத் திருமணத்தில் அந்தப் பார்வை கிடைக்காவிட்டால் கேமராவை விற்றுவிடுவதென்று வைதேகி முடிவு செய்தாள். தங்கையிடம் மட்டும் சொன்னாள்.

"விக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றாள் நிரஞ்சனா. "மொதல்ல வாங்கறதப் பத்திப் பேசு. கேமரா மேல தனியா ஒரு ஸ்கிரீன் மாட்டுறாங்க, தெரியுமா? வீடியோ எடுக்கறவங்க வச்சிருக்காங்களே, அது. ஃபோன விடப் பெருசு. ஜூம் பண்ணிப் பாக்கலாம்."

கண்களைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்களும் இருந்தன. அவற்றின் விலை வைதேகிக்கு எட்டாதது. மேலும், அப்படிப்பட்ட ஒன்றை ஒருமுறை இரவல் வாங்கிப் பார்த்தபோது, மாலைக்குள் புதைந்த மணப்பெண்ணை விட்டுவிட்டு அது ஐயரின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. தன் பழைய கேமராவையும் தன் விரல்களையுமே அவள் நம்பினாள். விரல்களுக்கு வழி சொல்லத்தான் ஒரு திரை வேண்டியிருந்தது.

சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகில், கேமராக் கடைகள் நெருங்கிக் கிடக்கும் பழைய வணிக வளாகத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இருவரும் போனார்கள். கடைக்காரர் வெங்கடேஷ் மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவர். தமிழில் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"இது ஃபோர் கே சப்போர்ட் பண்ணும் மேடம். இதுல டச் ஸ்கிரீன். இது சினிமா ஆளுங்களே யூஸ் பண்றது. கலர் பாருங்க, அருவி கொட்டுது பாருங்க, தண்ணி ஒவ்வொரு சொட்டா தெரியுதா?"

"அருவி வேணாம் தம்பி. ஒரு முகம் காட்டுங்க."

"முகமா? யார் முகம் மேடம்?"

"யாரோடதாவது. நீங்களே நில்லுங்க."

அவர் வெட்கப்பட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, விளக்குக்குக் கீழே போய் நின்றார். நிரஞ்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவையும் முதல் திரையையும் கம்பியால் இணைத்தாள். அது கைக்கு அடக்கமான ஐந்து அங்குலத் திரை, விலை குறைவு, வெயில் படாமல் இருக்க நான்கு பக்கமும் கறுப்புத் தடுப்பு வைத்தது. கண்ணை உள்ளே பதித்துப் பார்த்தால் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

"இதுதான்க்கா," என்று நிரஞ்சனா காதருகே கிசுகிசுத்தாள். "இத எடுத்துக்க. பாக்கறவங்களுக்கு வெயிலுக்கு வச்சிருக்கேன்னு தோணும். ஒருத்தருக்கும் டவுட் வராது."

வைதேகி தடுப்புக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். நேரே பார்த்தாள்; நடு கரைந்தது. பழக்கப்படி இடப்பக்கம் பார்வையை நகர்த்தினாள். அங்கே கறுப்புச் சுவர். மேலே நகர்த்தினாள், அங்கேயும் சுவர். அப்பால் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்த கண்ணுக்கு அப்பால் என்பதே அங்கு இல்லை.

"மீசை வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லீங்களே மேடம்."

வெங்கடேஷின் குரலில் ஒரு சிறு தயக்கம் புகுந்தது. நிரஞ்சனா அக்காவின் கையைக் கிள்ளினாள்.

இரண்டாவது திரை ஏழு அங்குலம். யாரும் கேள்விப்படாத நிறுவனம் செய்தது. பெரிய பெயர்களின் விலையில் பாதிகூட இல்லை. உடல் பிளாஸ்டிக். பின்னால் ஒரு தடித்த பேட்டரி. ஆனால் வெளிச்சம் அதிகம் என்று வெங்கடேஷ் சொன்னார். சொன்னதை நம்பாமல் அதைத் தூக்கிக்கொண்டு மூவரும் தெருவுக்கே வந்தார்கள். வெயில் நேராக அடித்தது. திரை சற்று வெளிறியது, அழியவில்லை. வெங்கடேஷ் நடைபாதையின் விளிம்பில் நிற்க, கடந்து போனவர்கள் ஏதோ விளம்பரப் படப்பிடிப்பு என்று ஒதுங்கிப் போனார்கள்.

"இன்னொன்னு இருக்கு மேடம். எது ஷார்ப்பா இருக்கோ அதோட ஓரத்துல கோடு போட்டுக் காட்டும். ரெட், கிரீன், புளூ, ஒயிட், நாலு கலர்ல வரும். எது வைக்கட்டும்?"

அவர் ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். அவருடைய நீலச் சட்டைமேல் பச்சை மங்கலாகவும் வெள்ளை வெயிலோடு கலந்தும் போயின. சிவப்பு மட்டும் கீறினாற்போல் எழுந்தது.

"ரெட்லயே விடுங்க," என்றாள் வைதேகி.

அவள் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். சிவப்புக் கோடுகள் வெங்கடேஷுக்குப் பின்னாலிருந்த பேருந்து நிறுத்தத்தின் கம்பங்களில் ஊர்ந்தன, பிறகு அவர் காதுக்கு வந்தன, கன்னத்தைத் தாண்டின, கண்ணிமைகளில் வந்து நின்றன. பெரிதாக்கினாள். அவரைப் பார்க்கவில்லை, திரையின் வலது மேல் மூலைக்கும் அப்பால், சாலையைப் பார்த்தாள். அப்போது கண்ணின் ஓரத்தில், திரை நிறைய, ஒரு முகம் வந்தது. அவர் சாலையைக் கடக்கும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாள் ஊருக்குப் போகாதவர் தன் ஊர்க்காரரைப் போன்ற ஒருவரைக் கண்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"மீசை இல்ல," என்றாள் வைதேகி. "மேல் உதட்டுல ஒரு மச்சம் இருக்கு."

வெங்கடேஷ் உதட்டைத் தொட்டுக்கொண்டார். வைதேகி திரைக்கு அப்பாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் என்பது இத்தனை அசைவுகளால் ஆனதென்பதைக்கூட அவள் மறந்திருந்தாள்.

நிரஞ்சனா அவளைக் கொஞ்ச தூரம் தள்ளி அழைத்துப் போனாள்.

"அக்கா, யோசி. இது டிவி மாதிரி இருக்கு லா. பின்னால நிக்கற அத்தன பேரும் பாப்பாங்க. நீ எங்க தடுமாறுறேன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு வாட்ஸ்ஆப் குரூப் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சின்னதுல எனக்குத் தெரியலடி."

"பழகினா தெரியும்."

"அதுல நான் ஒளிஞ்சுக்கலாம். பாக்க முடியாது."

நிரஞ்சனா அந்தத் திரையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, அவளுக்கே உரிய தொனியில், "தம்பி, இந்த டிவிக்கு டிஸ்கவுண்ட் உண்டா இல்லையா?" என்றாள்.

தை முகூர்த்தம் கேலாங் கிழக்கில் உள்ள சிவன் கோயில் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டுப் படக்காரர் அப்துல் அஜீஸ். வைதேகியோடு எண்ணற்ற மணவறைகளின் முன் நின்றவர், வயதில் மூத்தவர். எல்லோரும் அவரை பாய் என்றே அழைத்தார்கள்.

"பசியாறினீங்களா வைதேகிம்மா?"

"ஆச்சு பாய். நீங்க?"

"இட்லி ரெண்டு தள்ளிட்டேன். அடேயப்பா, என்ன இது, கேமராவுக்குக் கொம்பு மொளச்சிருக்கு?"

"புதுசு பாய்."

"பாரமா இருக்குமே."

"பழகிடும்."

அவர் தலையாட்டினார். அவள் திரையை உயிர்ப்பித்ததும் அவர் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியது. திரை பெரிது என்பதால் திருப்பமும் பெரிதாக இருந்தது. கழுத்தே வலிக்கும்படி அவர் வாழைமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு அந்த விதி கிடையாது. வைதேகிக்குப் பின்னால் சீக்கிரமே ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது.

"ஏ, இங்கேருந்தே நல்லாத் தெரியுதுடி. அங்க போயி ஏன் முட்டிக்கிட்டு நிக்கணும்?"

"மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு. ஏர்கான் போடச் சொல்லு."

"சேனல் மாத்துங்கக்கா, பொண்ணக் காட்டுங்க!"

வைதேகி பெண்ணைக் காட்டினாள். வைஷாலி கடுகு மஞ்சள் பட்டில் வந்து அமர்ந்திருந்தாள். வளையத்தைத் திருப்பியதும் சிவப்புக் கோடுகள் வளையலுக்கு வந்து, சங்கிலிக்கு ஏறி, இமையில் நின்றன. வைதேகி திரைக்கு அப்பால், தூணைப் பார்த்தாள். மணப்பெண்ணின் முகம் ஓரத்தில் முழுமையாக எழுந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். இடது புருவம் வலதைவிடச் சற்று உயர்ந்தது. வைதேகி படம் எடுத்தாள். எடுக்கவேண்டிய தேவை இல்லாதபோதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீண்ட பயணம் போய் வந்தவர் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த முகத்தை மீண்டும் மீண்டும் பெரிதாக்கினாள். கை வலித்தது. அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

ஐயர் கூறைப்புடவையைத் தட்டில் வைத்து ஆசீர்வதித்தார். தட்டு பெரியவர்களிடையே ஒரு சுற்று போய் வந்தது. வைஷாலி அதை வாங்கிக்கொண்டு உடை மாற்ற எழுந்து போனாள்.

அவள் திரும்பி வந்தபோது மண்டபமே எழுந்து பார்த்தது. வைதேகி கேமராவை உயர்த்தி, வளையத்தில் விரலை வைத்து, பக்கத்துத் தூணை நோக்கினாள். திரையில் கோடுகள் இல்லை.

வளையத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். கோடுகள் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் கூறை சிவப்பு. கழுத்து மாலையில் ரோஜா சிவப்பு. நெற்றியில் குங்குமம். மணவறைக்குப் பின்னால் தொங்கிய பட்டுத்துணிகூடச் சிவப்பு. சிவப்பின்மேல் சிவப்பு விழுந்து எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. தன் தொழிற்காலம் முழுவதும் கூறைப்புடவைகளைப் படமெடுத்தவள், ஒரு நீலச் சட்டையைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

நிறத்தை மாற்றலாம். அதற்கான எழுத்துகள் திரையின் மூலையில் எறும்புகள்போல் வரிசையாக நின்றன. அவற்றைப் படிக்கும் கண் அவளிடம் இல்லை. தங்கை அன்று வேலைக்குப் போயிருந்தாள். பின்னால் நின்றவர்கள் திரையில் பெண்ணின் முகத்தைக் கண்டார்கள். அந்த முகம் தெளிவா மங்கலா என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் ஒரு முழம் தள்ளி, தலையைக் கவனமாக வேறு பக்கம் வைத்துக்கொண்டு நின்றார்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். நாதசுரக்காரர் சீவாளியை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"பாய்."

"சொல்லுங்கம்மா." அவர் கண் தன் கேமராவிலேயே இருந்தது.

"என் ஸ்கிரீனப் பாருங்க."

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கை உயர்த்தினார். தவில் வெடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், அட்சதை காற்றில் பறந்தது. அஜீஸ் முதல் முடிச்சை எடுத்தார்; அவருடைய கேமரா விடாமல் படபடத்தது. வைதேகியும் அழுத்தினாள். எதன்மேல் தெளிவு விழுந்தது என்று அறியாமல், இருட்டில் பூட்டைத் தேடும் சாவிபோல, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் அக்கா மணப்பெண்ணின் பின்னால் வந்து குனிந்தாள். மீதி இரண்டு முடிச்சுகள் அவளுடையவை. அவை முடிந்ததும் வைஷாலி தலை நிமிர்வாள்.

வைதேகி திரையைப் பற்றியிருந்த திருகைத் தளர்த்தி, முழுத் திரையையும் அஜீஸின் பக்கம் திருப்பினாள். இப்போது அவளுக்கு அதன் பிளாஸ்டிக் விளிம்பு மட்டுமே தெரிந்தது.

"பாய்! எனக்குக் கண்ணு தெரியல!" தவிலுக்கு மேலே எழும்படி அவள் குரல் உயர்ந்தது. வீடியோக்காரர் திரும்பினார். முன்வரிசையில் பெண்ணின் மாமா கை நிறைய அட்சதையோடு அப்படியே நின்றார். "நடுவுல ஒண்ணுமே தெரியல. பொண்ணு கண்ணுல ஃபோகஸ் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க!"

அஜீஸ் தன் கேமராவைத் தாழ்த்தினார். வாழைமரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால், உடலோடு திரும்பி, மூக்கு படும் அளவுக்கு அவளுடைய திரைமேல் குனிந்தார்.

"மாலையில நிக்குதும்மா. ஃபோகஸப் பின்னால தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்... மூக்குத்தி... மெதுவா, மெதுவா... நிறுத்துங்க. கண்ணுல இருக்கு. அசையாதீங்க."

அவள் அசையவில்லை.

"தலை தூக்குறா," என்று அஜீஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினார். "தேடுறா வைதேகிம்மா, யாரையோ தேடுறா. எடுங்க!"